ஒரே பெண்மணி

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், திருமணச் சான்றிதழிலுள்ள செம்பகவல்லியும் கணவர் மாசிலாமணியின் பாஸ்போர்ட்டிலுள்ள செண்பகவல்லியும் ஒரே பெண்மணிதான் என்று அரசு ஐந்து முத்திரைகள் குத்தி ஒப்புக்கொண்டது. வெளிநாட்டில் இறந்த மாசிலாமணியின் உடலை ஊருக்கு அனுப்ப, அங்கே இந்தத் தாளைத்தான் கேட்டிருந்தார்கள். இருபத்தாறு நாள் அலைச்சல். இடமில்லாமல் கடைசி முத்திரை பெயரின் மேலேயே விழுந்திருந்தது.

“ரெண்டும் நீங்கதானாம்மா?” என்று அதிகாரி கடைசியாகவும் ஒருமுறை கேட்டார்.

“இத்தனை வருசமா அப்படித்தான் சார் நெனச்சிட்டிருக்கேன்.”

“லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க. செல்லாமப் போயிடும்.”

வாசலுக்கு வந்தபோது கணவரின் கம்பெனியிலிருந்து போன் வந்தது. தாள் வரவில்லையே என்று நேற்று அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். “சரிங்க” என்றாள்.

பஸ் ஏறுமுன், எதிர்க்கடையில் அதை லேமினேட் செய்துகொண்டாள்.