கை தப்பினாலும்

தாலுகா ஆபீஸ் சூப்பரின்டென்ட் குலசேகரன் வாங்கியிருந்த எலக்ட்ரானிக் டிரம்ஸ் இந்த வருடத்து மாடல். கை தப்பினாலும் தாளம் தப்பாது, அதுவே திருத்திக்கொள்ளும்; விட்டுப்போன அடியையும் தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். மூன்று மாதமாக ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தன் வாசிப்பில் தானே சொக்கிப்போய்க் கிடந்தார். வெளியே கேட்டதெல்லாம் ரப்பரில் குச்சி படும் தொப்தொப் சத்தம்தான்.

"என்னங்க, கொசு அடிக்கிறீங்களா?" என்பாள் மனைவி அம்சவேணி. முப்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் வாயிலிருந்து ஒரு சபாஷ் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். வீடே அதிர்ந்தது. உற்சாகத்தில் கண்ணை மூடிக் கையை ஓங்கியதும், வியர்வையில் வழுக்கிய குச்சி சோபாவுக்கு அடியில் போய் உருண்டது. பதறிப்போய் மற்றதையும் கீழே போட்டுவிட்டு, மண்டியிட்டுத் தேடினார். அவர் தலை சோபாவுக்கு அடியில் இருக்க, டிரம்ஸ் அதுபாட்டுக்குப் பொளந்து கட்டியது. தடதடவென்று ஓர் உருட்டு உருட்டி, ஜல்லென்று தானே முடித்தது.

அடுப்படியில் நறுக்கும் சத்தம் நின்றது.

"ஏங்க, நெசமாவே நல்லா வாசிக்கிறீங்களே! அதுவும் அந்தக் கடைசி உருட்டல் இருக்கே, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு!"

உண்மை குலசேகரனின் நாக்கு நுனி வரை வந்தது. முப்பத்தோரு வருடம் அதை உள்ளே இழுத்துக்கொண்டது.

"அந்த எடம் கொஞ்சம் கஷ்டம்தான் அம்சா," என்றார் சோபாவுக்கு அடியிலிருந்து. "கை ஒடிஞ்சு போச்சு."