நிலவறையில் நாலாம் நாள்

அணுகுண்டு அபாயச் சங்கு ஊதியதும் நிலவறைக்குள் இறங்கிய கணவர், அவர் மனைவி, அவர் அம்மா மூவரில், ஆளே மாறிப்போனது கணவர்தான். வீட்டில் குடித்த டம்ளரைக்கூட நகர்த்தாதவர், நாலு நாளாகச் சமைத்தார், பாத்திரம் துலக்கினார், அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டார்.

“சாகறதுக்குள்ள உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது செஞ்சிடணும்” என்று கண்கலங்கினார்.

மாமியாரும் மருமகளும் ரேடியோவின் இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டியிருந்தார்கள்.

“என்ன சொல்றாங்க?”

“இன்னும் வெளியே வரக்கூடாதாம்” என்றாள் மனைவி.

அவர் பெருமூச்சுடன் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

மாமியார் கிசுகிசுத்தாள். “சண்டை நின்னுடுச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்னு நேத்தே சொல்லிட்டாங்களேம்மா! பாவம் அவன், சொல்லிடலாமா?”

“சொல்லிடலாம் அத்தை. ஆனா நாளைக்குத் துணியெல்லாம் துவைக்கறேன்னு சொல்லியிருக்கார்.”

மாமியார் கொஞ்சம் யோசித்தாள்.

“அப்போ சண்டை நாளன்னிக்கு நிக்கட்டும்!”