ஏழாவது கேள்வி

முதியோர் இல்லத்தின் கூடத்தில் காலை வெயில் சக்கர நாற்காலியின் கால்மிதி வரை வந்து நிற்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் டீச்சர் என்கிறார்கள். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவர். இன்று அவருக்கு நர்ஸ் மதிப்பெண் போடுகிறாள். இங்கிருப்பவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே செய்துகொள்கிறார்களா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பும் படிவம் அவள் மடியில் கிடக்கிறது. ஏழாவது கேள்வி. "சட்டை பட்டனை நீங்களே போட்டுக்குவீங்களா?" "ஓ, போட்டுக்குவேனே." "எங்க, போட்டுக் காட்டுங்க பாப்போம்." டீச்சரின் விரல்கள் கழுத்தருகே தடவுகின்றன, மெல்லக் கீழே இறங்குகின்றன, வயிற்றருகே நின்றுவிடுகின்றன. உடுத்திவிட ஆளுக்கு நாலு நிமிடம்தான் என்று கணக்கு வைத்து, போன மாதமே எல்லோருடைய சட்டையிலும் பட்டனை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுப்பட்டை தைத்துவிட்டார்கள். "பட்டனே இல்லையேம்மா." "அப்ப முடியலன்னுதானே போடணும்?" "சிலேட்டப் பிடுங்கி வச்சுக்கிட்டு எழுதிக் காட்டுன்னா, நல்லாருக்குடி உன் நியாயம்," என்கிறார் டீச்சர். பிறகு கையை நீட்டி, நர்ஸின் வெள்ளைக் கோட்டில் திறந்து கிடக்கும் மேல் பட்டனைப் பிடித்து, துளையில் நுழைத்து மாட்டிவிடுகிறார். விரல் நடுங்கவே இல்லை. நர்ஸ் குனிந்து பார்க்கிறாள். "தேங்க்ஸ் டீச்சர். ஆனா இது என் கோட்டு. ஃபார்ம்ல உங்க சட்டைன்னுதான் இருக்கு." பேனா கட்டத்துக்குள் அவசரமாகச் சுழிக்கிறது. டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படிவத்தை எட்டிப் பார்க்கிறார். "போடுற முட்டையையாவது கோணாமப் போடு."