ஆறாம் கட்டில் அம்மா

“கையை எடுங்கம்மா. மருந்து ஏத்தணும்.”

“எடுக்க மாட்டேன் சிஸ்டர். முதல்ல குழந்தையோட எடையைப் பாருங்க.”

டெல்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போர்ச்சுகலின் தெற்குக் கோடியில், அந்த ஊருக்கு இருந்ததே ஒரு குழந்தைகள் வார்டு. சனிக்கிழமை மாலை. பதினோரு குழந்தைகளுக்கு ஒற்றை நர்ஸாக அவள். பழைய நர்ஸுகளில் பாதிப் பேர் சம்பளம் போதாமல் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் எங்கே போனார்களோ. டெல்மா வந்தே இரண்டு வருடம்தான். கூட இருக்க வேண்டிய இவோன், ஆறு மாதத்துக்கு முன் ஒப்பந்தத்தில் வந்தவள், கீழே அவசரப் பிரிவில் மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊரில் டாக்டர் இல்லையென்று குழந்தைகள் அவசரப் பிரிவைத் திங்கட்கிழமைவரை மூடிவிட்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளும் இங்கே வந்துதான் இருமின.

இந்த லட்சணத்தில் ஆறாம் கட்டில் அம்மா, மகளின் கையில் மருந்து ஏற்றும் குழாயின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் பெயர் டெல்மாவுக்குத் தெரியாது. குழந்தைகள் வார்டில் தாய்மார்களுக்குப் பெயர் ஏது? நர்ஸுக்கும் டாக்டருக்கும் எல்லோரும் ‘அம்மா’தான்.

“இப்பத்தான் கீழ அவசரப் பிரிவுல பார்த்தாங்க. பதினெட்டு கிலோ. அதுக்குள்ள உங்க பொண்ணு குண்டாயிடுவாளா?”

“கீழ பார்த்தது வேற ஆள். இப்ப மருந்து ஏத்தப் போறது நீங்க. நீங்க பாருங்க.”

ஐந்து வயது லீடியா துவண்டு கிடந்தாள். நிமோனியா. மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. முதல் டோஸே இன்னும் உள்ளே போகவில்லை. இவள் அதற்குள் பரீட்சை நடத்துகிறாள்!

டெல்மா எடை மெஷினைத் தரதரவென்று இழுத்து வந்தாள். பதினெட்டு.

“போதுமா?”

“மருந்துக் குப்பியை எடுத்துச் சத்தமாப் படிங்க.”

“எப்படிப் படிக்கிறது? கிரேக்க எழுத்து! நம்ம மருந்து மூணு வாரமா வரல. எந்த நாட்டுல கிடைக்குதோ அங்க வாங்கி, மருந்துப் பேரை மட்டும் ஒரு சீட்டுல எழுதி ஒட்டி அனுப்புறாங்க. பச்சப் பிள்ளைக்கு மருந்து இல்ல, மந்திரிக்கு மட்டும் டிவியில பேச நேரம் இருக்கு. அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?”

“எழுத்துதான வேற, எண் ஒண்ணுதான? படிங்க.”

“ஒரு கிராம்.”

“வழக்கமா வர்றது?”

“அரை கிராம்.”

“அப்ப இது ரெண்டு மடங்கு. எத்தனை மில்லியில கரைச்சீங்க?”

“பத்து. அதுல ஒன்பது மில்லி ஊசியில எடுத்திருக்கேன். தொள்ளாயிரம் மில்லிகிராம். டாக்டர் எழுதினதும் அதேதான். ஏம்மா, இதையெல்லாம் எந்த இணையத்துல படிச்சிட்டு வர்றீங்க? எங்க உயிரை வாங்கவே எவனோ எழுதி வைக்கிறான்.”

அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “இன்னொரு சிஸ்டரும் பார்த்துக் கையெழுத்துப் போடணும். அதுதான விதி?”

“விதி இருக்கு. அந்த இன்னொரு சிஸ்டரைத்தான் காணோம்!”

“கூப்பிடுங்க. நான் காத்திருக்கேன்.”

போன் போட்ட பத்தாவது நிமிடம், மூச்சிரைக்க மாடியேறி வந்தாள் இவோன். “என்னடி ஆச்சு? யாருக்கு?”

“ஒண்ணும் ஆகலக்கா. இந்த அம்மாவுக்கு நம்ம மேல நம்பிக்கை இல்லையாம்.”

“அடிப்பாவி! இதுக்கா கூப்பிட்ட? கீழ நாற்பது பிள்ளைங்க நிக்குது. அதுங்க அப்பன்மாரு என்னை உயிரோட தின்னுடுவானுங்க.”

புலம்பினாலும் ஒழுங்காகப் பார்த்தாள். டாக்டரின் தாள், குப்பி, ஊசி, குழந்தையின் மணிக்கட்டுப் பட்டை. எல்லாம் சரி. கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, வந்த வேகத்தில் ஓடினாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கை விலகியது. டெல்மா மருந்தை மெல்லச் செலுத்தினாள். தாய் மகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஊசிக்குழலின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசிச் சொட்டு இறங்கும்வரை.

டெல்மாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“பார்த்தீங்களா? ஒரு சொட்டு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இருபத்தஞ்சு நிமிஷம் தண்டம். நாலு பிள்ளைங்களுக்கு மருந்து தள்ளிப் போச்சு. தெரியாமத்தான் கேக்குறேன், மருந்தை மாத்திப் போட்டு இந்த வார்டுல யாரைக் கொன்னுட்டோம்?”

“ஒரு பதினோரு மாசக் குழந்தையை,” என்றாள் அவள். “அந்த ஜன்னலோரக் கட்டில்ல. பத்து மடங்கு மருந்து போயிடுச்சு. எட்டு வருஷமாச்சு.”

டெல்மாவின் குரல் அப்படியே இறங்கியது. “ஐயோ... உங்க குழந்தையாம்மா?”

“இல்ல சிஸ்டர். அன்னிக்கும் இந்த வார்டுல ஒரே ஒரு நர்ஸ்தான். அது நான்.”