பம்பாய் நடிகையின் பேட்டி

கிணற்றின் மேல் மறுபடியும் பலகை போட்டிருந்தது. பலகையின் மேல் அம்மிக்கல்.

தண்ணீர் இறைக்க வந்த கற்பகவல்லி குடத்தைக் கீழே வைத்தாள்.

அந்த மயிலாப்பூர் காம்பவுண்டில் கிணற்றை மூடுவது ஒருத்திக்காகத்தான். பக்கத்துப் போர்ஷன் மெஹக்குக்காக.

பிரசவம் ஆன கொஞ்ச நாளில், கைக்குழந்தையோடு மெஹக் இந்தக் கிணற்றடியில் வந்து நின்றாள். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. குழந்தையை அவள் கையிலிருந்து பிடுங்கியது கற்பகவல்லி. மறுநாள் அடையாறில் மனநல டாக்டரிடம் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனதும் அவள்தான். மெஹக்கின் புருஷன் இனாயத்துக்கு ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையை விட்டு அரை நாள் வர வழியில்லை.

மாமியார் ஜைதூன் பீ வேண்டாமென்று மறித்தாள். பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரையைப் பால் கொடுக்கிறவள் தின்பதா, தர்காவில் ஓதித் தாயத்துக் கட்டினால் போதும் என்றாள்.

மாத்திரைதான் வேலை செய்தது. மெஹக் தலை வாரினாள். குழந்தைக்கு மை வைத்தாள். கிணற்றுப் பலகையை எடுத்தார்கள்.

இப்போது மறுபடியும் பலகை.

கற்பகவல்லி நேராக மெஹக் வீட்டுக்குள் போனாள். தூளியில் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. மெஹக் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலைமாட்டில் மாத்திரை அட்டை. பாதிக்கு மேல் பிரிக்காமல் கிடந்தது.

ஜைதூன் பீ பின்வாசலில் உட்கார்ந்து, பாண்டி பஜார் கடைக்கு ரவிக்கை ஹெம்மிங் செய்துகொண்டிருந்தாள். கற்பகவல்லி அட்டையைக் கொண்டுபோய் அவள் மடியில் எறிந்தாள். பெரியவள் என்று பார்க்கவில்லை. தாயத்துக்காரன் என்ன சொல்லிக்கொடுத்தான், நீ பெத்த பொண்ணாக இருந்தால் மாத்திரையை நிறுத்துவாயா என்று காம்பவுண்டுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

ஜைதூன் பீ ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நான் இன்னாத்துக்கும்மா நிறுத்தப்போறேன்? ரொட்டிக்குள்ள வச்சுக் குடுத்தாலும் துப்புறா. டிவில அந்த பம்பாய் நடிகை மாத்திரையே தொடலன்னு சொன்னாளே, அதப் பாத்த அன்னிக்கே நிறுத்திட்டா. போ, அவளப் போய்க் கேளு."

கற்பகவல்லிக்கு அந்தப் பேட்டி தெரியும்.

அந்த நடிகைக்குத் தமிழ் தெரியாது. தமிழில் அவள் பேசுவதெல்லாம் கற்பகவல்லி பேசுவது.

கற்பகவல்லியின் அம்மா சித்தாள். செங்கல் சுமந்தாள். மகளுக்குக் குரல் வாய்த்தது, டப்பிங்கில் பிழைக்கிறாள். அந்த நடிகை அழுதால் இவள் அழுவாள், சிரித்தால் சிரிப்பாள். பேர் எங்கேயும் வராது. பண்டிகைக்குக் கேபிள் சேனலில் போட நடிகையைப் பேட்டி எடுத்தபோது, அதற்கும் இவளைத்தான் கூப்பிட்டார்கள்.

தி. நகர் டப்பிங் தியேட்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றாள். திரையில் நடிகை இந்தியில் சொல்லிக்கொண்டு போனாள். பிள்ளை பெற்றபின் ராப்பகலாக அழுதது. குழந்தையைத் தூக்கவே பயந்தது. டாக்டர் கொடுத்த தவாவைச் சாப்பிட்டது. தவா என்றால் மருந்து. மெஹக் வீட்டில் தினம் காதில் விழுகிற வார்த்தை.

வசனம் எழுதுகிற சுந்தரராமன் கொடுத்த பேப்பரில் வேறு இருந்தது. மாத்திரையைத் தொடவே இல்லை, குழந்தை முகத்தைப் பார்த்தேன், எல்லாம் பறந்துபோச்சு.

சார், அவங்க மருந்து சாப்பிட்டேன்னுதானே சொல்றாங்க என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். அடுத்த படத்தில் நடிகைக்கு அம்மா வேஷமாம். மாத்திரை தின்றவள் என்று தெரிந்தால் தாய்க்குலம் தியேட்டர் பக்கம் வருமா என்றார். கருத்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிட்டு அனுப்புகிறேன், இன்றைக்கு நீ வாய்க்குப் பொருந்துகிறதா மட்டும் பார் என்றார். கடைசி வரியில் தொண்டை லேசாக அடைக்கட்டும் என்றார்.

அடைத்தாள். ஒரே டேக்கில் ஓகே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர் கண்ணைத் துடைப்பது போல் ஜாடை காட்டினான். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டிவியில் போட்ட அன்று வேறு ரெக்கார்டிங். பிறகு அவள் அதை நினைக்கவும் இல்லை.

ஜைதூன் பீயின் மடியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு கற்பகவல்லி உள்ளே திரும்பினாள். குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மெஹக் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நடிகை பொய் சொல்லிவிட்டாள், அவளும் மாத்திரை சாப்பிட்டவள்தான் என்று ஆரம்பித்தாள். அது தன் குரல் என்பதை விட்டுவிட்டுச் சொன்னாள். அப்படிச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

மெஹக் திரும்பினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அது நீங்கதானே அக்கா. பாத்திரம் தேய்க்கறப்ப தெனம் வசனம் பேசுறீங்க, ஒங்க குரல் எனக்குத் தெரியாதா? அவ சொன்னா நான் ஏன் கேக்கப்போறேன்? டாக்டர்கிட்ட வான்னு கூட்டிப்போன வாயால நேர்ல வேணாம்னு சொல்ல ஒங்களுக்கு சங்கடமா கீது, அதான் டிவில எனக்குச் சொல்றீங்கன்னு இருந்தேன்."

குழந்தை கற்பகவல்லியின் தோளை ஈரமாக்கிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு அவள் எதையும் மறைக்கவில்லை. எழுதிக் கொடுத்ததைப் படித்தேன் என்றாள். பொய் என்று தெரிந்தே படித்தேன் என்றாள். உனக்கென்று ஒரு வார்த்தை அதில் இல்லை, எனக்கு உன் ஞாபகமே வரவில்லை என்றாள். அதைச் சொல்லும்போது நிமிர முடியவில்லை. டாக்டர் சொன்னதுதான் சரி, இப்போது உன் அக்கா சொல்கிறேன், சாப்பிடு என்றாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து மெஹக்கின் உள்ளங்கையில் வைத்தாள். சொம்பை நீட்டினாள்.

மெஹக் மாத்திரையைப் பார்க்கவில்லை. கற்பகவல்லியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"இது யாரு எழுதிக் குடுத்தது அக்கா?"