முந்நூற்று அறுபத்தோராம் நாள்

2025 ஜூலை 25, ஆடி அமாவாசைக்கு மறுநாள். வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அலுவலகத்தில் செல்லக்கிளி நிற்கிறாள். காரையாற்றுக் கோயிலிலிருந்து நேரே வந்திருக்கிறாள். அவளுடைய ஈரத் துணிப்பையிலிருந்து சொட்டும் நீர் வெள்ளைத் தரையில் பரவுகிறது. மேசைக்குப் பின்னால் இருக்கும் ஹம்ஸினி அந்த நீரையே பார்க்கிறாள். இந்த அலுவலகம் நடத்தும் கைபேசிச் செயலியில் தினமும் ஒருமுறை பொத்தானைத் தொட வேண்டும். ஓராண்டு விடாமல் தொட்டால் டிஜிட்டல் நாணயம் கைக்கு வரும். ஒருநாள் தவறினாலும் முதலிலிருந்துதான். பிளாக்செயின் என்னும் மின்பதிவுச் சங்கிலியில் அந்த விதியை எழுதியவள் ஹம்ஸினி. செல்லக்கிளி முந்நூற்று அறுபது நாள் தொட்டிருக்கிறாள். நேற்று தவறிவிட்டது.

“மலையில டவரே இல்லம்மா. எம்மவ நர்சிங் சேர அதைத்தான் நம்பிக் கெடக்கேன். நேத்து ஒருநாள மட்டும் போட்டு விடுங்க.”

“சங்கிலியில ஏறிட்டா எங்களாலயும் மாத்த முடியாதுக்கா.”

“நீங்க எழுதுனதுதானம்மா? அழிக்கத் தெரியாமலா எழுதுனிய?”

அழிக்க முடியாதபடி எழுதியதற்காகத்தான் ஹம்ஸினிக்குப் பரிசு தந்தார்கள். அந்தக் கண்ணாடிக் கேடயத்தில் மதிய வெயில் பட்டுக் கண் கூசுகிறது. கீழே ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடிக்கிறது. செல்லக்கிளி முந்தானையில் விரலைத் துடைத்து, பழக்கத்தில், விரிசல் விழுந்த திரையைத் தொடுகிறாள். பொத்தானைச் சுற்றி வண்ணப் பூக்கள் சிதறுகின்றன. ‘வாழ்த்துகள். இன்று உங்கள் முதல் நாள்’ என்கிறது செயலி.