பத்தொன்பது புள்ளி ஆறு

எல்லோருக்கும் பத்தொன்பது புள்ளி ஆறு வந்துவிட்டது. லுயீஸுக்கு மட்டும் வரவில்லை.

செய்முறைத் தேர்வு முடிய இன்னும் அரை மணி இருந்தது. வேதியியல் ஆசிரியர் சுப்பராயன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர் மாதிரி மேசைகளுக்கு நடுவே உலாவினார். தன் கல்லூரியில் கெமிஸ்ட்ரியில் ஒருவரும் தவறியதில்லை என்று, மதராஸிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கிருஷ்ணசாமியிடம் காலையிலிருந்து பலமுறை சொல்லியாயிற்று. கிருஷ்ணசாமி சாதுவான மனிதர். ஜன்னல் வழியே கடற்காற்று வந்ததால் பாதி நேரம் தூங்கினார்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. இருபது மில்லி சோடியம் கார்பனேட் கரைசலில் இரண்டு சொட்டு மெதில் ஆரஞ்சு விட்டால் மஞ்சளாகும். மேலே பியூரெட் குழாயிலிருந்து ஆசிடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் சிவக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். செலவான ஆசிடை வைத்து, கரைசலில் எத்தனை கிராம் கார்பனேட் என்று கணக்குப் போட வேண்டும். ஆசிட் பத்தொன்பது புள்ளி ஆறு மில்லி, கார்பனேட் லிட்டருக்கு ஐந்து கிராமும் கொஞ்சமும் என்று எல்லோரும் அழகாகப் போட்டு முடித்திருந்தார்கள்.

லுயீஸின் தாளில் ஒரு பங்கு கார்பனேட்டுக்கு இரண்டு பங்கு ஆசிட் என்ற சமன்பாடு இருந்தது. கணக்கின் முறையும் இருந்தது. எண் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"குழாய் முழுக்க விட்டுட்டேன் முசியே. மஞ்சள் மாறவே இல்ல" என்றாள்.

"சார்னு சொல்லு. முசியேங்க எல்லாம் கப்பலேறி நாலு வருஷமாவுது."

பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் என்றாலே சுப்பராயனுக்கு இளக்காரம். கண்ணாடியை மாற்று, இல்லாவிட்டால் மூளையை மாற்று என்று அடுத்த மேசைக்குக் கேட்கும்படி சொன்னார். அடுத்த மேசை சிரித்தது. தேர்வு நேரத்தில் வாத்தியாரின் நகைச்சுவைக்குச் சிரிக்காமலிருக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

லுயீஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இதில் தவறினால் மருத்துவக் கல்லூரி இடம் போய்விடும். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய அவள் அப்பா ரேமோன், அடுத்த மாதமே யாருக்காவது கட்டிவைத்துப் பிரான்சுக்கு அனுப்பிவிடுவார். இது கல்லூரிக்கே தெரிந்த விஷயம்.

சுப்பராயனுக்கும் தெரியும். பெரிய மனது பண்ணிக் குனிந்து, பக்கத்தில் பார்த்து எழுதித் தொலை என்று கிசுகிசுத்தார்.

"எனக்கு வராதத எப்பிடி சார் எழுதறது? ஆசிட்டுலதான் ஏதோ கோளாறு இருக்குது."

சுப்பராயனுக்கு முகம் கறுத்துவிட்டது. இரக்கப்பட்டு ஒன்று சொன்னால், இந்தப் பொடிசு அவருடைய ஆசிடையே குறை சொல்கிறது. தாளைப் பிடுங்கிக்கொண்டு நேராகக் கிருஷ்ணசாமியின் மேசைக்குப் போனார். லுயீஸ் கண்ணைத் துடைத்தபடி பின்னாலேயே ஓடினாள்.

இன்னொரு தரம் செய்துபார்க்க விடலாமே என்றார் கிருஷ்ணசாமி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

"எதுக்கு சார்? காலையில இதே பாட்டில்ல எடுத்து நானே ரெண்டு தடவ செஞ்சு பாத்தேன். ரெண்டு தடவையும் டாண்ணு பத்தொன்பது புள்ளி ஆறு. இதுக்குச் செய்யத் தெரியல, அவ்வளவுதான். சைபர் போடுங்க."

கிருஷ்ணசாமி மற்றத் தாள்களைப் புரட்டினார். ஒன்றுகூடப் பிசகாமல் எல்லாம் அதே எண். இத்தனை பேர் சொல்லும்போது ஒருத்திக்காக என்ன செய்ய முடியும்? பெருமூச்சு விட்டுப் பேனா மூடியைக் கழற்றினார். சுப்பராயன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அப்போது ஆய்வகப் பணியாள் வடிவேல், வைக்கோல் சுற்றிய ஒரு ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான். அதைப் பூப்போல இறக்கி மேசைமேல் வைத்தான்.

"ஆசிட்டு இப்பதான் சார் பஸ்ஸுல வந்து எறங்குச்சி. காலையில பாட்டில்ல எல்லாம் வெறும் தண்ணிதான் ரொப்பி வச்சேன், இப்ப கலந்துடட்டுமா?"